தோற்றம் பாராத ஓட்டம்

ஓட்டப் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது, எல்லைக் கோட்டை மார்பால் தொடும் வெற்றி வீரனின் உருவமே. விரிந்த கைகள், நிமிர்ந்த தலை, மலர்ந்த முகம். செய்தித்தாள்கள் அந்தப் படத்தைத்தான் அச்சிடுகின்றன. பள்ளிச் சுவர்களில் அந்தப் படந்தான் தொங்குகிறது. அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்களின் முகங்களை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. நெடுந்தொலை ஓட்டமொன்றின் முடிவிடத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்: அங்கே வந்து சேருகிறவர்களில் பெரும்பாலோர் அழகாக வந்து சேருவதில்லை. உப்புப் பூத்த முகம், உலர்ந்து வெடித்த உதடு, இழுபடும் கால், குழறும் பேச்சு என்று சிதைந்த கோலத்தோடு வருகிறார்கள். ஆயினும் ஓட்டத்தை முடித்தவர்கள் என்னும் பெயர் அவர்களுக்கும் உரியதன்றோ!

நீண்ட ஓட்டத்தில் மனிதரை இடையில் நிறுத்துவது எது? களைப்பு என்று உடனே விடை சொல்லிவிடுவோம். களைப்பு ஒரு காரணந்தான். ஆனால் அதற்கு இணையான வலிமையோடு நம்மைப் பின்னுக்கு இழுப்பது மற்றொன்று உண்டு. 'இந்தக் கோலத்தில் என்னைக் கண்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?' என்னும் கூச்சமே அது. கால்கள் இன்னும் சிறிது தூரம் செல்ல இசைந்தாலும், இந்தக் கூச்சம் இசைவதில்லை. விளையாட்டுத் திடலில் மட்டுமன்று, இல்வாழ்விலும் இறைவாழ்விலும் நம்மில் பலர் பாதி வழியில் நின்றுவிடுவது இதனால்தான் என்று எமக்குத் தோன்றுகிறது.

உடல் எழுதும் கணக்கு

மராத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். மனித உடல் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து, வேகமாக ஓடும் ஒருவருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரைதான் கைகொடுக்கும். அதன்பின் உடல் கொழுப்பை எரித்து ஓட வேண்டும். அது மெல்ல எரியும் விறகு. அதற்குள் வியர்வையாக நீரும் உப்பும் வெளியேறியிருக்கும். தசைகளுக்கும் இரத்தம் வேண்டும், வெப்பத்தைத் தணிக்கத் தோலுக்கும் இரத்தம் வேண்டும். இரண்டுக்குமாக இதயம் திண்டாடும். இந்நிலையில் நடை தள்ளாடுவதும், முகம் கோணுவதும், கால் தசை பிடித்துக்கொள்வதும் இயல்பே. கொடுத்ததைக் கொடுத்தபடி உடல் எழுதிவைக்கும் கணக்கு அது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பெண்களுக்கான மராத்தான் நடைபெற்றது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் முதலாவதாக வந்தார். உலகம் அவரைப் பாராட்டியது, அது தகும். ஆனால் அவர் ஓடி முடித்து ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து அரங்கினுள் நுழைந்த மற்றொரு பெண்மணியையே இன்றளவும் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டிற்காக ஓடிய அவர் பெயர் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ்; வயது 39.

வெயில் அவரை வாட்டியிருந்தது. உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடக்கை செயலற்றுத் தொங்கியது. கால் ஒன்று மடங்க மறுத்தது. மருத்துவர்கள் விரைந்து வந்தார்கள். அவர்கள் தொட்டுவிட்டால் போட்டி விதிப்படி ஓட்டத்திலிருந்து விலக்கப்படுவோம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால் கையசைத்து அவர்களை விலகச் செய்தார். அவர் உடலில் வியர்வை இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், உடல் இன்னும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்று உணர்ந்து, தொடாமல் அருகிலேயே நடந்து வந்தார்கள். கடைசிச் சுற்று 400 மீட்டர். சாதாரணமாக நடந்தாலே ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம். அவருக்கு 5 நிமிடம் 44 நொடி ஆயிற்று. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மருத்துவர்களின் கைகளில் சாய்ந்தார். ஓடி முடித்த 44 பேரில் அவர் 37ஆவது. அன்றே உடல் தேறினார்.

அந்தச் சுற்றைத் தொலைக்காட்சி வழியே உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண், அதுவும் நடுத்தர வயதுப் பெண், தன் உடலைத் தானே ஆள முடியாத நிலையில் கோடானுகோடிக் கண்களுக்கு முன்னால் நடக்க வேண்டியிருந்தது. அவர் நினைத்திருந்தால் அரங்கின் வாயிலிலேயே படுத்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தம் தோற்றத்தை எண்ணியிருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்.

தோற்றம் செய்த அநீதி

அவருடைய ஓட்டத்தின் பெருமையை உணர வேண்டுமானால் இன்னும் 56 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கென 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. இறுதிச் சுற்றில் ஓடிய 9 பெண்களும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார். களைப்பால் சிலர் கோட்டைத் தாண்டியதும் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் அவ்வாறு சாய்வது வழக்கந்தான். ஆனால் சில செய்தித்தாள்கள் அந்தக் காட்சியை ஊதிப் பெருக்கி, பெண்கள் பாதியில் விழுந்து கிடந்ததாகவும், இப்படிப்பட்ட ஓட்டம் பெண்மைக்கு ஒவ்வாதது என்றும் எழுதின. விளைவு? 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக் நடக்கும் வரை, 32 ஆண்டுகள், பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டமே மறுக்கப்பட்டது.

அந்தப் பெண்கள் ஓடினார்களா என்று எவரும் கேட்கவில்லை. ஓடியபின் எப்படித் தோன்றினார்கள் என்பதையே பார்த்தார்கள். தோற்றத்தைக் கண்டு தீர்ப்பு எழுதுவது எத்துணைப் பெரிய அநீதி! இந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தால், 1984இல் அந்த ஒற்றைச் சுற்று எவ்வளவு ஆபத்தான சுற்று என்பது விளங்கும். 'பார்த்தீர்களா, பெண்களால் இது முடியாது' என்று மீண்டும் ஒரு கதவை அடைக்க அது காரணமாகியிருக்கக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. அதன்பின் நடந்த ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் பெண்கள் மராத்தான் ஓடியிருக்கிறார்கள்.

ஆண்களிலும் இத்தகையோர் உண்டு. 1968இல் மெக்சிகோ நகரில் நடந்த ஒலிம்பிக் மராத்தானில் தான்சானியா நாட்டின் ஜான் ஸ்டீஃபன் அக்வாரி ஓடினார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த நகரம் அது. மூச்சுக்குக் காற்று போதாது. வழியில் தசைப்பிடிப்பு வந்தது; பின்னர்க் கீழே விழுந்து முழங்காலிலும் தோளிலும் அடிபட்டார். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே வென்று ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின், பெரும்பாலோர் கலைந்துபோன அரங்கினுள், காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே அக்வாரி வந்து சேர்ந்தார். ஓட்டத்தை முடித்தவர்கள் 57 பேர், அவர் 57ஆவது. ஏன் இடையில் விலகவில்லை என்று கேட்டவர்களுக்கு, ஓட்டத்தைத் தொடங்குவதற்காக அன்று, முடிப்பதற்காகவே தம் நாடு தம்மை இத்தனை தொலைவு அனுப்பியது என்னும் பொருள்பட அவர் மறுமொழி கூறினார். தம்மை அனுப்பியவர்களை நினைத்தவருக்குத் தம் நடையை எண்ணிக் கூச நேரமில்லை.

மறைநூல் காட்டும் ஓட்டம்

நம்பிக்கை வாழ்வை ஓட்டத்திற்கு ஒப்பிடுவது திருத்தூதர் பவுலுக்கு மிகவும் விருப்பமானது. கொரிந்து நகருக்கு அருகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த விளையாட்டு விழாவை அவ்வூர் மக்கள் நன்கு அறிவார்கள். வாடிப்போகும் இலை வாகைக்காக வீரர்கள் தங்களை எவ்வளவு ஒறுத்துக்கொள்கிறார்கள் என்பதைச் சுட்டி, வாடாத வாகைக்காக நாம் ஓடவேண்டும் என்று அவர்களுக்கு அவர் எழுதினார். ஆனால் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தில், வாழ்வின் முடிவில் நின்று பேசும்போது, தாம் முதலாவதாக வந்ததாக அவர் சொல்லவில்லை. ஓட்டத்தை முடித்ததாகவே சொல்கிறார். வாகையும் தமக்கு மட்டுமன்று, ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருக்கும் அனைவருக்கும் உண்டு என்கிறார். ஒருவர் மட்டுமே பரிசு பெறும் பந்தயம் அன்று இது.

எபிரேயர் திருமுகத்தின் ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பன்னிரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், நம்மைச் சூழ்ந்து நிற்கும் சாட்சிகளின் திரளை நினைவூட்டி, சுமைகளை இறக்கி வைத்துவிட்டு மன உறுதியோடு ஓடுமாறு அழைக்கிறார். அங்கே ஓட்டத்தைக் குறிக்க அவர் கையாளும் கிரேக்கச் சொல் 'அகோன்'. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு பட்ட கடும் வேதனையைக் குறிக்க லூக்கா நற்செய்தியில் வரும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். திடலின் ஓட்டமும் தோட்டத்தின் வேதனையும் ஒரே வேர்ச் சொல்லில் சந்திக்கின்றன!

அடுத்து அவர் நம் கண்களை இயேசுவின்மேல் திருப்புகிறார். இயேசு சிலுவையைத் தாங்கினார் என்பதோடு நில்லாமல், அதிலுள்ள மானக்கேட்டை ஒரு பொருட்டாகவே கருதவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். உரோமையர் சிலுவையைத் தேர்ந்தெடுத்தது வலியை ஏற்படுத்துவதற்காக மட்டுமன்று. குற்றவாளியை ஊரறிய, உடையின்றி, தெருவோரத்தில் நிறுத்தி இழிவுபடுத்துவதற்காகவுமாகும். வலியைத் தாங்கியவர் என்று மட்டும் நாம் ஆண்டவரை எண்ணுகிறோம். வெட்கத்தையும் தாங்கியவர் என்பதை மறந்துவிடுகிறோம். தவக்காலந்தோறும் சிலுவைப்பாதையில் மூன்று முறை அவர் விழுவதை முழந்தாளிட்டுத் தியானிக்கிறோம். விழுந்த ஒவ்வொரு முறையும் அவர் எழுந்தது, வேடிக்கை பார்த்த கூட்டத்தின் நடுவில்தான்.

வீட்டிலிருந்து பீடம் வரை

இவையெல்லாம் ஏட்டில் படித்த உண்மைகளாகவே எங்களுக்கு இருந்தன, எங்கள் தாயார் நோயில் விழும்வரை. முப்பது ஆண்டுகள் பங்கில் மறைக்கல்வி கற்பித்தவர் அவர். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தைத் தாக்கியது. மருத்துவத்தால் நடை ஓரளவு திரும்பியது. கோணிய வாய் திரும்பவில்லை. உணவு உண்ணும்போதும் பேசும்போதும் உமிழ்நீர் வழியும். கோயிலுக்கு அழைத்தால் மறுத்துவிடுவார். "இந்த வாயோட நான் நன்மை வாங்கப் போகணுமா? என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க பார்த்தா பயப்படுமேப்பா" என்பார். பங்குத்தந்தை முதல் வெள்ளிதோறும் வீட்டிற்கு நற்கருணை கொண்டுவந்தார். அந்த நாளிலும், அவர் வருமுன் கதவைச் சாத்தச் சொல்லி, அண்டை வீட்டார் பாராதபடி பார்த்துக்கொள்வார் அம்மா. நடக்க முடியாததால் அவர் வீட்டில் இருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தோட்டம் வரை நாள்தோறும் நடந்துகொண்டுதான் இருந்தார்.

எட்டு மாதங்கள் கழித்து, தவக்காலத்தின் ஒரு ஞாயிறன்று விடியற்காலையில், வெள்ளைப் புடவையை எடுத்து வைக்கச் சொன்னார். காரணம் கேட்டோம், சொல்லவில்லை. நற்கருணை வேளையில் சக்கர நாற்காலி வேண்டாம் என்று மறுத்து, ஊன்றுகோலைப் பற்றி எழுந்தார். ஆறாவது இருக்கையிலிருந்து பீடம் வரை எத்தனை அடி இருக்கும்! வரிசை முழுவதும் அவருக்குப் பின்னால் நின்றது. பாடகர் குழு நற்கருணைப் பாடலை முடித்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. அவர் இடக்கையில் ஒரு துணி இருந்தது; நடுவழியில் நின்று, எல்லோரும் பார்க்க, வாயைத் துடைத்துக்கொண்டார்; மறுபடியும் நடந்தார். நாங்கள் இருபுறமும் நடந்தோம், அவரைத் தொடவில்லை. தொட வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லியிருந்தார்.

சில வாரங்களுக்குப் பின், கைநடுக்க நோயால் ஓராண்டுக்கும் மேலாகக் கோயிலுக்கு வராதிருந்த முதியவர் ஒருவர் கடைசி இருக்கையில் வந்து அமர்ந்தார். "டீச்சரம்மா வர்றாங்க, நான் வந்தா என்னவாம்?" என்று வாயிலில் எவரிடமோ அவர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. அம்மா எவருக்கும் அறிவுரை கூறவில்லை. கூறும் நிலையிலும் அவர் நாவு இல்லை. ஆயினும் முப்பது ஆண்டுகள் கற்பித்த மறைக்கல்வியைவிட அந்த ஒரு நடையில் அவர் கற்பித்தது மிகுதி என்று எங்களுக்குப் படுகிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகள், இறைவன் அழைக்கும்வரை, அவ்வாறே நடந்து வந்தார்.

நிறுத்துவதும் ஓட்டமே

இங்கே ஓர் ஐயம் எழலாம். உடல் முறியும்வரை ஓடிக்கொண்டே இருப்பதுதான் அறமா? இல்லை என்றே சொல்வோம். உடல் ஆண்டவர் தந்த கொடை. அதை வீம்புக்காக அழிக்க நமக்கு உரிமையில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் வியர்வையைக் கண்டபின்னரே அப்பெண்மணியை விட்டுவைத்தார்கள் என்பதை மறக்கலாகாது. மருத்துவர் பரிசோதிப்பதற்காகத் தொட்டாலே வீரர் விலக்கப்படுவார் என்னும் நிலையும் இன்று இல்லை. 'பாதியில் நின்றால் என்ன நினைப்பார்கள்' என்று அஞ்சி உயிரைப் பணயம் வைத்து ஓடுபவனும், தோற்றத்திற்கு அடிமைதான். பிறர் பார்வைக்கு அஞ்சாதவனுக்கே தொடரவும் உரிமை உண்டு, தேவையானபோது நிற்கவும் உரிமை உண்டு.

திருச்சபையின் அண்மைக்கால வரலாறு இவ்விரண்டையும் நமக்குக் காட்டியுள்ளது. இளமையில் மலையேறியும் பனிச்சறுக்கு விளையாடியும் மகிழ்ந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நடுக்க நோயால் குனிந்த முதுகும் இறுகிய முகமுமாகத் தம் முதுமையை உலகின் முன் மறைக்காமல் வாழ்ந்தார். 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழா அன்று சாளரத்தில் தோன்றிப் பேச முயன்றார்; குரல் எழவில்லை. கையால் ஆசி வழங்கினார். ஆறு நாள்களில் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப்பின் வந்த பதினாறாம் பெனடிக்ட், தம் வலிமை குன்றியதை உணர்ந்து, 2013 பிப்ரவரி 11 அன்று பதவி விலகும் முடிவை வெளிப்படையாக அறிவித்தார். பல நூற்றாண்டுகளாக எவரும் செய்யாததைச் செய்தால் உலகம் என்ன சொல்லும் என்று அவர் தயங்கவில்லை. ஒருவர் தளர்ந்த உடலோடு தொடர்ந்தார். மற்றவர் தளர்ச்சியை ஒப்புக்கொண்டு ஒதுங்கினார். இருவருமே தங்கள் தோற்றத்தைக் காக்க முயலவில்லை. தங்களை அனுப்பியவரையே நோக்கினார்கள்.

வழியோரத்தில் நிற்போர்

இறுதியாக, ஓடுகிறவர்களைப் பற்றி மட்டும் எண்ணினால் போதாது. வழியோரத்தில் நிற்கும் நம்மைப் பற்றியும் எண்ண வேண்டும். ஆகஸ்டு மாத இறுதியில் வேளாங்கண்ணி நோக்கிச் செல்லும் சாலைகளைப் பாருங்கள். காவி உடையணிந்த திருப்பயணிகள், வெடித்த பாதங்களில் துணி சுற்றி, நொண்டி நொண்டி நடக்கிறார்கள். அங்கே எவரும் எவருடைய நடையையும் பார்த்து நகைப்பதில்லை. ஊர் மக்கள் நீரும் மோரும் தருகிறார்கள். ஆலயத்திலிருந்து மாதா குளம் செல்லும் மணற்பாதையில் முழந்தாளால் நகர்கிறவரைக் கண்டால், மற்றவர் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அனைவரும் ஒரே இடத்திற்குச் செல்கிறவர்கள் என்னும் உணர்வு இருக்கும் இடத்தில் கூச்சம் தானே அகன்றுவிடுகிறது.

நம் பங்குகள் அத்தகைய சாலைகளாக விளங்குகின்றனவா? குடிகாரக் கணவனோடு போராடிக் கிழிந்த புடவையில் பூசைக்கு வரும் பெண், கடனில் மூழ்கித் தலைகுனிந்து வரும் குடும்பத் தலைவன், தேர்வில் தோற்ற மாணவன், மனநோயிலிருந்து மீண்டு வரும் இளம்பெண் இவர்கள் எல்லோரும் தங்கள் கடைசிச் சுற்றை நம் கண்முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நம் பார்வை அவர்களை வாயிலிலேயே நிறுத்திவிடக்கூடும். அல்லது பீடம் வரை நடத்திச் செல்லவும் கூடும். சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் வெரோனிக்கா செய்தது பெரிய காரியமன்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை அவர் துடைத்தார். அவ்வளவே.

நம் ஓட்டம் முடியும் நாளில் நம் முகமும் அழகாக இராது. உழைப்பின் தூசியும், துன்பத்தின் கோடுகளும், பலமுறை விழுந்த தழும்புகளும் அதில் இருக்கும். அந்த முகத்தோடு நாம் சென்று நிற்கப்போவது, தழும்புகளோடு உயிர்த்தெழுந்த ஒருவரின் முன்னால்தான். அவர் தம் காயங்களை மறைக்கவில்லை, சீடர்களுக்குக் காட்டினார். ஆகவே நாமும் அஞ்சாமல் ஓடி முடிப்போம். நம் அருகே தள்ளாடி வருகிறவருக்கு வழிவிட்டு, உடன் நடப்போம்.